மீட்டர் பேசட்டும்!

மகள் வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ பம்பாய்க்குப் புறப்படுகிறீர்களா? பேஷ்! 1995-ஆம் ஆண்டிலேயே அந்த ஊருக்கு மும்பை என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் மாட்டுங்காவில் குடியேறிய நம்மவர்கள் பலருக்கு அது இன்னும் பம்பாய்தான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஊறுகாய் ஜாடி, அப்பளக் கட்டு, பேரனுக்கு முறுக்கு டின் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று அல்லவா? இன்னும் ஒரு சாமான் பாக்கி இருக்கிறது. அது கனமில்லாதது, காசு கொடுத்து வாங்க வேண்டாதது. பம்பாய் டாக்ஸிக் கட்டணத்தின் கணக்குத்தான் அது. அதை மட்டும் மறந்துவிட்டுப் போனவர்கள் ரயிலில் இறங்கிய அரை மணிக்குள் பர்ஸும் இளைத்து, முகமும் சுண்டி, பெண் வீட்டு வாசலில் போய் நிற்பதுண்டு. "எவ்வளவு கொடுத்தீர்கள் அப்பா?" என்று பெண் கேட்க, அப்பா தொகையைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம்!

ரயில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா ராணியின் பொன்விழாவையொட்டி, 1887-இல் அவள் பெயர் சூட்டப்பெற்ற நிலையம். 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்த கட்டடம். கோபுரத்தையும் கல்லில் செதுக்கிய மயிலையும் அண்ணாந்து பார்க்கத்தான் செய்வீர்கள். அந்தச் சமயம் பார்த்து ஒருவர் உங்கள் பெட்டியின் கைப்பிடியைப் பற்றுவார். "கஹான் ஜானா ஹை?" என்பார். மாட்டுங்கா என்று நீங்கள் வாயெடுத்ததும், ஐந்நூறு ரூபாய் என்பார். நீங்கள் நானூறு என்பீர்கள். நாலரை நூற்றில் பேரம் படியும். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூடத் தலைகாட்டும்.

இப்போது அசல் கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, கறுப்பு-மஞ்சள் டாக்ஸியில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 31 ரூபாய். அதற்குமேல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் 66 காசு. நிலையத்திலிருந்து மாட்டுங்காவுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். ஆக, பாதை ஒழிந்திருந்தால் ஏறக்குறைய 207 ரூபாய். நள்ளிரவு பன்னிரண்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை கால் பங்கு கூடுதல். அப்போதுகூட 258 ரூபாய்தான் ஆகும். நீங்கள் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடித்த அழகு தெரிகிறதல்லவா?

விகிதம் அவ்வப்போது மாறும். ஆகையால் எண்ணைவிட முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையை டாக்ஸிக்காரரும் நிர்ணயிப்பதில்லை, நீங்களும் நிர்ணயிப்பதில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்திருக்கிறது. பம்பாய் வட்டாரத்துக்கு இதைச் செய்ய ஒரு போக்குவரத்து ஆணையமே இருக்கிறது. பேரம் பேச உட்காருகிறவர், தமக்காகச் சட்டம் ஏற்கனவே பேசி முடித்துவிட்ட விஷயத்தைத் தாமே கைவிட்டுவிடுகிறார்!

ஹிந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். "பாய் ஸாப், மீட்டர் ஸே சலியே" என்ற ஒரு வாக்கியம் போதும். மரியாதையாகச் சொல்லுங்கள். மீட்டரை இயக்குவதற்கு அந்த ஊரில் "மீட்டர் டௌன்" என்று பெயர். முன்காலத்து மீட்டரில் ஒரு தகட்டுக் கொடி நிமிர்ந்து நிற்கும். ஆள் ஏறியதும் அதைக் கீழே மடக்குவார்கள். அந்தப் பேச்சு மட்டும் இன்னும் நிலைத்துவிட்டது.

அந்தப் பழைய மீட்டருக்கு வேறொரு வேடிக்கையும் உண்டு. அது காட்டும் எண் ஒன்று, கொடுக்க வேண்டிய தொகை வேறொன்று. கட்டணம் உயரும்போதெல்லாம் இயந்திரத்தை மாற்றாமல், ஓர் அட்டையை அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். மீட்டர் இன்ன எண்ணைக் காட்டினால் இன்ன தொகை என்று அந்த அட்டையில் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர் ஏமாந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த அட்டையில்தான். மின்னணு மீட்டர் வந்த பிறகு தொகை ரூபாயிலேயே தெரிகிறது. அந்தப் பழைய மீட்டரோடு ஓடிய பிரீமியர் பத்மினி டாக்ஸிகளும், இருபது வருஷக் கெடு முடிந்து, 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. ஆனால் விகிதம் மாறிய புதிதில், மீட்டரைத் திருத்துவதற்கு முந்திய சில வாரங்களுக்கு அட்டை மறுபடி தலைகாட்டும். அப்போது போக்குவரத்து அலுவலகம் வழங்கிய அட்டைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வண்டி கிளம்பிவிட்டது. மீட்டர் குறைந்தபட்சத் தொகையில் தொடங்குகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பிறகு ஊரைப் பாருங்கள். ஜே.ஜே. மேம்பாலத்தில் ஏறினால் இருபுறமும் மாடி ஜன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். கீழே முகம்மது அலி சாலையின் இரைச்சல். பைகுல்லா தாண்டினால் லால்பாக். பிள்ளையார் சதுர்த்திக்கு ஊரே திரளும் இடம். அப்பால் பரேல். மழைக்காலமானால் ஹிந்த்மாதா அருகே முழங்கால் ஜலம் நிற்பதும் உண்டு. பிறகு தாதர், அதையும் கடந்தால் கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா. பூக்கடையில் கதம்பமும் காபிக்கொட்டை வறுபடும் மணமும் வந்துவிட்டால் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

லால்பாகில் வண்டி நகராமல் நிற்கும்போதும் மீட்டர் நகருவதைக் கண்டு சிலர் பதறிப்போவார்கள். பதற வேண்டாம்; அது மோசடியல்ல. வண்டி ஓடினால் தூரத்துக்கும், நின்றாலோ ஊர்ந்தாலோ நேரத்துக்கும் கணக்கிடும்படிதான் மீட்டரை அமைத்திருக்கிறார்கள். நெரிசலில் வீணாகும் பொழுது டாக்ஸிக்காரருக்கும் பொழுதுதானே? ஆகவே 207 என்று நான் சொன்னது நெரிசலில் 230, 250 என்று ஏறினால் சண்டைக்குப் போகாதீர்கள். 450-க்கு ஏறினால்தான் கேட்க வேண்டும்.

ஆட்டோ ரிக்ஷா கிடைக்குமா என்று கேட்கிறீர்களா? பம்பாயின் தென்பகுதியில் ஆட்டோவுக்கு அனுமதியில்லை. மாஹிம், சயான் எல்லையைத் தாண்டி வடக்கே போனால்தான் அது ஓடும். மாட்டுங்கா அந்த எல்லைக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே அங்கே ஆட்டோவுக்காகக் காத்திருப்பது கடற்கரையில் கங்கையைத் தேடுவதுதான்.

"பக்கத்து இடமா? வரமாட்டேன்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிற டாக்ஸிகளும் உண்டு. அது அவர் இஷ்டம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இல்லை! தக்க காரணமின்றிச் சவாரியை மறுப்பது, அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆம் பிரிவின்படி அபராதத்துக்குரிய குற்றம். தெருவில் நின்று உரக்கப் பேசுவதால் பயனில்லை. வண்டி எண், நேரம், இடம், எங்கே போகக் கேட்டீர்கள், முடிந்தால் டிரைவரின் பாட்ஜ் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, போக்குவரத்து அலுவலகத்துக்கோ போக்குவரத்துப் போலீசுக்கோ எழுதுங்கள். எண் எம்.எச். 01 என்று தொடங்கினால் அது தார்தேவ் அலுவலகத்து வண்டி, எம்.எச். 03 என்றால் வடாலா.

அதிகம் வாங்கிவிட்டார், ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கோபம் வந்தது என்றால்? அதற்கும் வழி உண்டு. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்கிறது. பம்பாயில் நடந்ததற்குக் கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூரில் முறையிடலாம்! கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குப் பணம் கட்ட வேண்டாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் செய்தால் போதும். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசலாம். ஆனால் இத்தனைக்கும் கையில் ரசீதோ வண்டி எண்ணோ இருக்க வேண்டும். முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கியிருந்தால், வீட்டு வாசலில் இறங்கும் வரை அதை டிரைவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கைபேசியில் அழைக்கும் டாக்ஸிக்கு மீட்டர் இல்லை. ஏறுமுன்பே தொகை தெரியும். மழை பெய்தால் அந்தத் தொகையும் பெருக்கெடுக்கும். மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறி, அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது. மாநிலம் தனக்கென்று விதி செய்திருந்தால் அதுவே செல்லும். ஒப்புக்கொண்ட டிரைவர் தக்க காரணமின்றி ரத்து செய்தால், கட்டணத்தில் பத்து சதவீதம், நூறு ரூபாய்க்கு மிகாமல், அவருக்கு அபராதம் என்றும் அந்த நெறி சொல்கிறது. அதே அபராதம் நமக்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்!

இவ்வளவும் சொன்னதால், டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் நமக்கு எதிரிகள் என்று எண்ணிவிடக் கூடாது. கட்டணம் நிர்ணயிக்கும்போது வண்டியின் விலை, எரிவாயு விலை, இன்ஷூரன்ஸ், பழுதுபார்க்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். அவருடைய அடுப்பும் அந்தக் கணக்கில்தான் எரிகிறது. நூற்றுக்கு ஐம்பது கொடுத்துவிட்டு இறங்கப் பார்க்கும் பயணிகளிடமிருந்து அவரைக் காப்பதும் அதே மீட்டர்தான். நியாயமாக ஓட்டுகிற ஒருவர், பேரக்காரர்களால் கெட்ட பெயர் எடுப்பதும் ஒரு நஷ்டமே.

ஆகையால் சில்லறையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் சொன்னதைக் கொடுங்கள். மூட்டையை மாடி வரை தூக்கி வந்தாரானால், மனம் வந்து பத்தோ இருபதோ கூடக் கொடுங்கள். அது அவர் பறித்ததல்ல, நீங்கள் கொடுத்தது. பெண் கதவைத் திறந்து "எவ்வளவு ஆச்சு அப்பா?" என்று கேட்கும்போது, உள்ளதை உள்ளபடி சொல்லலாம்!