ஒரு பானை, ஒரே பந்தி



அன்பின் விருந்து என்றால் எங்கள் சபையின் மேசை நிறைந்துவிடும். ஒரு வீட்டிலிருந்து கோழிக்கறி, இன்னொரு வீட்டிலிருந்து இடியப்பம், வேறொரு வீட்டிலிருந்து வட்டிலப்பம் என்று அம்மாமார் பாசத்தோடு கொண்டுவருவார்கள். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆனால் அந்த மேசைக்கு வெறுங்கையோடு வரவேண்டியவர்களும் நம் நடுவில் உண்டு. ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆன தம்பிமார் காம்பில் இருக்கிறார்கள். சமைத்துக் கொண்டுவர அவர்களுக்கு வசதியில்லை. ஆராதனை முடிந்ததும் "பஸ் போய்விடும்" என்று சொல்லிப் புறப்பட்டுவிடுவார்கள். அடுத்த பஸ் அரை மணித்தியாலத்தில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொரிந்து சபையிலும் இந்தக் குறை இருந்தது (1 கொரிந்தியர் 11:20-34). உள்ளவர்கள் தங்கள் உணவை முதலில் உண்டு முடிக்க, இல்லாதவர்கள் பசியோடும் வெட்கத்தோடும் நின்றார்கள். எல்லோரும் சேரும்வரை பொறுத்திருக்கும்படி பவுல் புத்தி சொன்னார்.

ஆகவே வாலிபர் கூடுகையில் யாரும் வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவருவதில்லை என்று தீர்மானித்தோம். சபைக் குசினியில் ஒரே பானையில் எல்லோரும் சேர்ந்து சமைக்கிறோம். சமைப்பது இந்நாட்டு மலை இடையரின் சாப்பாடான எல்ப்லர் மக்ரோனன்.

இருபது பேருக்கு ஒன்றரைக் கிலோ மக்ரோனி, ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கு, ஒரு கிலோ துருவிய சீஸ், ஏழெட்டு வெங்காயம் போதும். வெங்காயத்தைப் பட்டரில் பொன்னிறமாக வதக்கி எடுத்துவைக்கவேண்டும். அதே பானையில் இரண்டரை லீற்றர் தண்ணீரும் இரண்டரை லீற்றர் பாலும் ஊற்றி, உப்புப் போட்டு, சிறு துண்டுகளாக வெட்டிய கிழங்கைக் கொதிக்கவிடவேண்டும். ஐந்து நிமிடத்தில் மக்ரோனியைக் கொட்டி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். தண்ணீரை வடிக்கத் தேவையில்லை. மக்ரோனியே அதை உறிஞ்சிக்கொள்ளும். வெந்ததும் அடுப்பை நிறுத்திவிட்டுச் சீஸையும் மிளகுதூளையும் கலந்து, மேலே வெங்காயத்தைத் தூவவேண்டும். தொட்டுக்கொள்ள இனிப்பான அப்பிள் மசியல். நாங்கள் வெங்காயத்தோடு செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் வதக்குவோம்.

கிழங்கின் தோல் சீவ ஜெர்மன் மொழி தெரியவேண்டியதில்லை, காசும் வேண்டியதில்லை. இங்கே பிறந்த தங்கை வெங்காயம் வெட்டி அழ, போன மாதம் வந்த தம்பி கரண்டி பிடிக்கிறான். தன் கையால் கிளறிய பானையிலிருந்து சாப்பிட யாருக்கும் கூச்சம் வருவதில்லை.

இந்தச் சாப்பாட்டின் கதையும் நம் கதைக்குக் கிட்டத்தான் இருக்கிறது. பாலும் சீஸும் மலையில் முன்பே இருந்தவை. கொட்ஹார்ட் ரயில் சுரங்கம் 1872 முதல் 1882 வரை தோண்டப்பட்டபோது ஆயிரக்கணக்கான இத்தாலியர் கூலிவேலைக்கு வந்தார்கள். அவர்களோடுதான் மக்ரோனியும் இந்த மலைகளில் பரவியது என்று சொல்லப்படுகிறது. இன்று அதைச் சுவிஸ் சாப்பாடு என்கிறார்கள்.

ஒரே பானைக்கு இந்நாட்டுச் சபை வரலாற்றிலும் இடமுண்டு. 1529 ஜூன் மாதம், காப்பெல் என்ற ஊரில் சூரிச்சின் சீர்திருத்தப் படையும் ஐந்து கத்தோலிக்க மாநிலங்களின் படையும் எதிரெதிரே நின்றன. தலைவர்கள் சமாதானம் பேசிக்கொண்டிருக்கையில், படைவீரர்கள் எல்லைக்கோட்டில் ஒரு பெரிய பானையை வைத்தார்கள். கத்தோலிக்கர் பால் கொடுத்தார்கள்; சூரிச்காரர் பாண் கொடுத்தார்கள். இருபக்கத்தாரும் ஒரே பானையில் கரண்டியிட்டுச் சாப்பிட்டார்கள். காப்பெல் பால்சூப் என்று இன்றும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதோடு கதை முடியவில்லை. இரண்டே வருடத்தில் அதே காப்பெலில் போர் மூண்டது. 1531 அக்டோபர் 11ஆம் திகதி போதகர் ஸ்விங்ளியும் அங்கே கொல்லப்பட்டார். ஒருநாள் சேர்ந்து சாப்பிட்டதால் மட்டும் பகை தீர்ந்துவிடவில்லை. ஆதித் திருச்சபையாரோ நாள்தோறும் வீடுகளில் கூடிச் சாப்பிட்டார்கள் (அப்போஸ்தலர் 2:46). அதனால்தான் வருடத்துக்கு ஒரு பெரிய விருந்தைவிட, மாதந்தோறும் ஒரு பானை மக்ரோனி மேல் என்று நினைக்கிறோம்.

ஊரில் ஒடியற்கூழ் காய்ச்சினால் அயலெல்லாம் ஒரே பானையைச் சுற்றியிருந்து, பலாவிலையைக் கோலிக் குடித்ததாக நம் பெற்றோர் சொல்வார்கள். அந்தப் பழக்கம் இந்தக் குளிர்நாட்டிலும் நம்மோடு இருக்கட்டும். உங்கள் சபையில் விருந்துக்கு முன்பே கிளம்பிவிடுகிறவர் யார் என்று கவனியுங்கள். அவரைச் சாப்பிட அழைக்குமுன், சமைக்க அழையுங்கள்.

கர்த்தர் தாமே நம் பந்தியை ஆசீர்வதிப்பாராக.