மணிக்குப் போடாத ஊசி

சென்ற மார்கழியில் நமது இல்லத்து நாய் மணி இறந்துபட்டது. ஒரு நாயைப் பற்றியா சாமியார் எழுதுகிறார் என்று சிலர் முறுவலிக்கக்கூடும். எனினும் நம் அறியாமையால் நேர்ந்ததாதலின் எழுதத் துணிந்தோம்.

ஏலத்தோட்ட வேலையாட்களின் ஜீப்பில் போடிமெட்டிலிருந்து ஒரு குட்டி சிலமலைக்கு வந்திறங்கியது. மூன்று நாட்களில் அதன் கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்தது, இருமியது. மலைக்குளிர் பட்டிருக்கும் என்றெண்ணி, மணியின் சாக்கிலேயே படுக்கவைத்து, ஒரே தட்டில் இரண்டிற்கும் பால் வார்த்தோம். பத்து நாட்களுக்குப்பின் மணியும் இருமத் தொடங்கியது. "அதான் ஊசி போட்டாச்சே, சாமி" என்றார் கோயில்பிள்ளை. நாமும் அங்ஙனமே நம்பியிருந்தோம். மூன்றாம் வாரம் தாடை துடித்தது, வலிப்பு கண்டது. குட்டியும் பிழைக்கவில்லை.

கால்நடை மருத்துவர் சொன்ன பின்னரே விளங்கிற்று. நாம் போட்டிருந்தது வெறிநோய்த் தடுப்பூசி மட்டுமே. மணியைக் கொன்றது டிஸ்டெம்பர். மனிதரின் தட்டம்மைக் கிருமிக்கு உறவான வைரஸ் அது. நமக்குத் தொற்றாது, நாய்களிடையே இருமலிலும் தும்மலிலும் பரவும். வந்தபின் அதனைக் கொல்லும் மருந்தில்லை. ஆனால் தனித் தடுப்பூசி உண்டு. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்திற்கொருமுறை போடவேண்டும். ஒன்று போதாதோ என்று வினவினோம். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் உள்ளவரை ஊசி மருந்தையும் அது முறித்துவிடுமாம். எந்த வாரம் அது குறையுமென்று கணிக்க இயலாததால் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பின்னர் ஓராண்டில் ஒன்று. அதன்பின் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில்.

புதிதாய் வரும் நாயை இரு வாரமேனும் தனியிடத்தில், தனித்தட்டுடன் வைத்திருக்கவேண்டும். இக்கிருமி வெயிலில் விரைவில் மடியும். குளிரில் நெடுநேரம் தங்கும். மார்கழியில் ஒரே சாக்கைப் பகிரவிட்டோமே!

குஜராத்தின் கிர் காட்டில் 2018-இல் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டபோது, அவற்றுட் சிலவற்றில் இதே கிருமி கண்டறியப்பட்டது. நம் மலைச்சரிவில் செந்நாய்கள் உண்டு. அவற்றிற்கும் இந்நோய் தொற்றும். தோட்டக் காவலுக்கு நாயை மேலே அழைத்துச் செல்வோர் இதனை எண்ணிப்பார்க்கவேண்டும்.

இப்போது வேறொரு குட்டி வந்திருக்கிறது. இரண்டு ஊசி ஆயிற்று; மூன்றாவது வரும் வியாழனன்று. அதுவரை தெருவிற்குப் போகாதிருக்கக் கோயில்பிள்ளை கதவைச் சாத்திச் சாத்தி வைக்கிறார். மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் திறந்து திறந்து விடுகிறார்கள்.