குண்டுகள் காத்த மணல்

போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே உள்ள வியேகஸ் தீவில் கடற்கரைகள் காலியாகக் கிடக்கின்றன. காரணம் அமெரிக்கக் கடற்படை.

கரீபியன் என்றதும் சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் படம் தெரிந்ததுதான். வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு ஆள்கூட இல்லை. நேரில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வேறு. துறைமுகத்தில் மூன்று, நான்கு உல்லாசக் கப்பல்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் பேர். எல்லோரும் சாயங்காலத்துக்குள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால் எல்லோரும் ஓடுவது துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கடற்கரைக்குத்தான். சாய்வு நாற்காலிக்கு வாடகை, குடைக்கு வாடகை, போதாக்குறைக்கு ஒலிபெருக்கி.

விளம்பரப் படம் பொய்யாகாத இடங்களில் ஒன்று வியேகஸ். போர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 13 கி.மீ. தள்ளி இருக்கும் ஒல்லியான தீவு. நீளம் ஏறக்குறைய 34 கி.மீ., அகலம் அதிகம் போனால் 7 கி.மீ. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்கள் 8,249 பேர். வடக்கே இசபெல் செகுந்தா, தெற்கே எஸ்பெரான்சா. பெயர் சொல்லும்படியான ஊர்கள் இவை இரண்டுதான். தீவு முழுக்கத் தேடினாலும் போக்குவரத்து விளக்கு கிடையாது. குதிரைகள் உண்டு. கட்டிப்போடாமல் மேய விடப்பட்ட இவை சாலை நடுவே சாவகாசமாக நிற்கும். பலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றாலும், வண்டி ஓட்டுபவர்தான் பொறுமை காக்க வேண்டும்.

கரீபியன் என்றால் நமக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரும். அந்த நினைப்போடு இங்கே போய் இறங்கினால் ஏமாற்றம்தான். இங்கே பேஸ்பால். பேச்சு ஸ்பானிஷ். புழங்குவது அமெரிக்க டாலர். 1898ல் ஸ்பெயினிடமிருந்து கைமாறியதிலிருந்து போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் வசம் இருக்கிறது. மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் இருக்கும்வரை அமெரிக்க அதிபர் தேர்தலில் ஓட்டுப்போட முடியாது. இந்தியப் பயணிக்கு இதில் உள்ள விஷயம் ஒன்றே ஒன்று: இங்கே போக அமெரிக்க விசா வேண்டும்.

காலியான கரை தேடுபவர்கள் எஸ்பெரான்சாவிலிருந்து தொடங்கலாம். ஊரை ஒட்டிய சன் பே நீண்ட பிறை வடிவக் கடற்கரை. தென்னை வரிசை, கழிப்பறை, கூடாரம் போட இடம் எல்லாம் உள்ள பொதுக் கடற்கரை இது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் கோடை விடுமுறையிலும் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு வந்து இறங்கிவிடுவார்கள். ஆனால் சன் பேயிலேயே நின்றுவிடக்கூடாது. அங்கிருந்து பள்ளமும் மேடுமாகப் போகும் மண் பாதை முதலில் மெடியா லூனாவுக்கும் பிறகு நாவியோவுக்கும் கொண்டுபோகும். மெடியா லூனாவில் இடுப்பளவு தண்ணீர் வெகுதூரம் வரை. குழந்தைகளோடு வருபவர்கள் இங்கேயே தங்கிவிடலாம். நாவியோவில் அலை அடிக்கும்; ஓரங்களில் பாறைக் குகைகள் இருக்கின்றன. இதற்கு மேல் கிழக்கே, வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருப்பவைதான் தீவின் பெருமை. கராகஸ், பாட்டா பிரியேட்டா, லா சீவா, லா பிளாட்டா என்று வரிசையாக வரும் கரைகள். லா சீவாவில் சாலையை ஒட்டி எண் போட்ட வண்டி நிறுத்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே ஒரு துண்டு மணல். ஒரு எண்ணில் வண்டி நின்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவது இங்கே எழுதப்படாத மரியாதை. வார நாட்களில் ஒரு துண்டு முழுவதும் ஒரே குடும்பத்துக்குக் கிடைப்பது சாதாரணம்.

கரையில் கடை கிடையாது. தண்ணீர், சாப்பாடு, நிழலுக்குக் குடை எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும். சூரியன் மறையும்போது சரணாலயத்தின் கதவை மூடிவிடுவார்கள்.

இந்தக் கரைகளுக்கு இன்னொரு பெயர் வரிசையும் உண்டு. கராகஸ் என்பது 'ரெட் பீச்'. லா சீவா 'புளூ பீச்'. மேற்குக் கோடியில் உள்ள புந்தா அரேனாஸ் 'கிரீன் பீச்'. ஏதோ ஹோட்டல்காரர் வைத்த பெயர்கள் என்று பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். வைத்தது ராணுவம். எதிரி நாட்டுக் கரையாகப் பாவித்துப் படை இறங்கிப் பழகிய இடங்கள் இவை. வரைபடத்தில் குழப்பம் வராமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

கதை 1941ல் தொடங்குகிறது. அதுவரை வியேகஸ் கரும்புத் தீவு. நிலம் சில கரும்பு முதலாளிகளிடம் இருந்தது; சுமார் 10,000 மக்களில் பெரும்பாலோர் அந்த நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த கூலிகள். இரண்டாம் உலகப்போர் நெருங்கியபோது கடற்படை நிலத்தைக் கையகப்படுத்த ஆரம்பித்தது. போர் முடிந்தும் நிறுத்தவில்லை. பட்டா இல்லாத கூலிகளுக்கு இழப்பீடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சிலருக்கு 24 மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது. கடைசியில் தீவின் முக்கால் பங்கு கடற்படையிடம் போனது. மேற்கே வெடிமருந்துக் கிடங்கு, கிழக்கே குண்டுவீச்சுக் களம், நடுவில் கிடைத்த பட்டையில் மக்கள். மேற்கே புந்தா அரேனாஸுக்குப் போகும் வழியில் புல் மூடிய மேடுகள் வரிசையாகத் தெரியும். முன்பக்கம் போய்ப் பார்த்தால் இரும்புக் கதவு. அவை வெடிமருந்து வைத்திருந்த பதுங்கு அறைகள். வடக்குக் கரையில் கடலுக்குள் ஒன்றரை கிலோமீட்டருக்கு நீளும் கல் அணை ஒன்று அரைகுறையாக நிற்கிறது. ஜெர்மனியிடம் பிரிட்டன் வீழ்ந்தால் அதன் கப்பல் படைக்கு அடைக்கலம் தருவதற்காகத் தொடங்கப்பட்டது என்பார்கள். பிரிட்டன் வீழவில்லை. அணை இப்போது தூண்டில்காரர்களுக்குப் பயன்படுகிறது.

அடுத்த அறுபது வருடம் கப்பலிலிருந்தும் விமானத்திலிருந்தும் குண்டுகள் விழுந்தன. கடற்படை மட்டுமல்ல, நேச நாட்டுப் படைகளும் வந்து பழகின. தங்கள் கூண்டு வலைகளின் மிதவைகளைப் போர்க்கப்பல்கள் அறுத்துப்போவதைப் பொறுக்காத மீனவர்கள் 1978ல் சின்னச் சின்னப் படகுகளோடு கப்பல்களுக்குக் குறுக்கே போய் நின்றார்கள். பயிற்சி தடைப்பட்டது, பிறகு தொடர்ந்தது. உலகம் திரும்பிப் பார்க்க ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. 1999 ஏப்ரல் 19 அன்று போர் விமானம் ஒன்று வீசிய இரண்டு குண்டுகள், ஒவ்வொன்றும் 500 பவுண்டு, குறி தவறி விழுந்ததில் டேவிட் சானெஸ் என்ற காவலர் இறந்தார். களத்தின் கண்காணிப்பு நிலையத்தில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் அவர். சில நாட்களில் குண்டுவீச்சுக் களத்துக்குள்ளேயே கூடாரங்கள் முளைத்தன. மீனவர்கள், பாதிரியார்கள், ஆசிரியர்கள், கட்சிக்காரர்கள் என்று ஓராண்டுக்கு மேல் உள்ளே குடியிருந்தார்கள். 2000 மே மாதம் அரசு அவர்களை வெளியேற்றியது. அதன் பிறகும் வேலி தாண்டிப் போய்க் கைதானவர்கள் ஏராளம். 2001ல் ராபர்ட் கென்னடி ஜூனியர் இதற்காக 30 நாள் சிறையில் இருந்தார். அப்போது பிறந்த மகனின் பெயரில் வியேகஸைச் சேர்த்தார். அதே ஆண்டு ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் தீவின் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடற்படை உடனே வெளியேற வேண்டும் என்று சொன்னார்கள். 2003 மே 1 அன்று அது வெளியேறியது.

நிலம் மக்களுக்குத் திரும்பவில்லை. பெரும்பகுதி மத்திய அரசின் வனவிலங்குத் துறைக்கு மாறியது. சுமார் 17,800 ஏக்கர், அதாவது தீவில் பாதிக்கும் மேல், இன்று சரணாலயம். விமானத்திலிருந்து பார்த்தால் அற்புதம். கடலாமைகள் நிம்மதியாக முட்டையிடுகின்றன. ஹோட்டல் வராத காரணம் இதுதான். முன்பு குண்டு தடுத்தது, இப்போது சட்டம் தடுக்கிறது. சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் துப்புரவுக்கான அளவுகோல் குறைவு, செலவும் குறைவு என்று தீவில் கசப்போடு சொல்கிறார்கள். அதை வெறும் சந்தேகம் என்று தள்ளிவிட முடியாது. குடியிருப்புக்கு விடும் நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தோண்டிப் பார்த்தாக வேண்டும். பெலிக்கன் பறவைகளுக்கு விடுவதென்றால் அவ்வளவு அவசியமில்லை.

துப்புரவு இன்னும் முடியவில்லை. 2005ல் வியேகஸ் அமெரிக்காவின் மிக மோசமான நச்சுக்கழிவு இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெடிக்காத குண்டுகள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டு, அங்கேயே வெடிக்கவைக்கப்பட்டிருக்கின்றன. நிலத்தில் மட்டுமல்ல, கடலடியிலும் கிடக்கின்றன. வேலை 2032 வரை நீளும் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2021ல் கணக்குச் சொன்னது. லா பிளாட்டாவுக்கு அப்பால் கிழக்குக் கோடிக்குப் பாதை கிடையாது. 'பெலிக்ரோ' என்று எழுதிய பலகைகள் நிற்கின்றன. ஸ்பானிஷில் ஆபத்து என்று அர்த்தம். இன்னும் காலியான கரை வேண்டும் என்ற ஆசையில் அந்தப் பலகையைத் தாண்டக்கூடாது. மணலிலோ தண்ணீரிலோ துருப்பிடித்த இரும்பு எது தென்பட்டாலும் தொடக்கூடாது.

நோய் விஷயத்தில் இரண்டு தரப்பு இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோவின் மற்ற பகுதிகளைவிட இங்கே புற்றுநோய் அதிகம் என்று தீவின் சுகாதாரத் துறை ஆய்வுகள் காட்டின. குண்டுவீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்றது நச்சுப்பொருள்களை ஆராயும் மத்திய அமைப்பு, 2013ல். செறிவு குறைந்த யுரேனியம் கலந்த 263 தோட்டாக்கள் 1999 பிப்ரவரியில் இங்கே சுடப்பட்டதைக் கடற்படையே ஒப்புக்கொண்டது. ஆக, மக்கள் எந்த ஆய்வை நம்புவார்கள் என்று கேட்கத் தேவையில்லை.

பயணிக்கு ஆபத்து உண்டா? திறந்துவிடப்பட்ட கரைகளில் குளிப்பவர்கள் பயப்பட வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான். புந்தா அரேனாஸில் காற்று நின்றுபோன மாலையில் மணல் ஈக்கள் பிய்த்துத் தின்னும். கரையோரம் குட்டி ஆப்பிள் போலப் பழம் தொங்கும் மன்சனீயோ மரத்தின் பழம், பால், இலை எல்லாமே விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் தோல் வெந்துபோகும். வண்டிக்குள் பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போவதும் புத்திசாலித்தனம் அல்ல. 2011க்குப் பிறகு கரீபியன் முழுவதையும் படுத்தும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கோடையில் தெற்குக் கரைகளில் ஒதுங்கி அழுகும். அந்த நாட்களில் வடக்கே அல்லது மேற்கே போய்விட வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை சீசன்; ஜூனிலிருந்து நவம்பர் வரை சூறாவளிக் காலம். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மே மாதம்தான் அமைதி தேடுபவர்களுக்கு லாபம்.

இருட்டிய பிறகு கடற்கரை தேவையில்லை. கொசு வளைகுடா இருக்கிறது. பெயர் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரிகள் கோடிக்கணக்கில் நிறைந்த தண்ணீர் இது. துடுப்பு பட்டால் நீல வெளிச்சம், மீன் ஓடினால் நீலக் கோடு. உலகிலேயே மிகப் பிரகாசமானது என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. குளிக்கத் தடை. நிலா வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்பதால் அமாவாசையை ஒட்டிப் போவது நல்லது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அடித்தபோது வளைகுடா பல மாதங்கள் இருண்டு கிடந்தது. பிறகு வெளிச்சம் திரும்பியது.

அதே சூறாவளியில் சேதமடைந்து மூடிய மருத்துவமனை அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. தீவில் இருந்தது அது ஒன்றுதான். புதிதாகக் கட்ட மத்திய அரசு ஏறக்குறைய 4 கோடி டாலர் ஒதுக்கியதே 2020ல்தான். அதுவரை தற்காலிகச் சிகிச்சை நிலையம். சிறுநீரக நோயாளிகள் ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை விமானம் ஏறிப் பெரிய தீவுக்குப் போய் வந்தார்கள். பிரசவத்துக்கும் அங்கேதான். சின்ன விமானம் இல்லாவிட்டால் படகு.

பயணிகளும் அதே படகில்தான் வருகிறார்கள். அரை மணி நேரப் பயணம். தலைநகர் சான் ஹுவானிலிருந்து விமானத்தில் வருவதைவிடப் பல மடங்கு மலிவு என்பதால் சனி, ஞாயிறுகளில் கூட்டம் அடித்துப் பிடித்து ஏறுகிறது. படகு பழுதாகி நிற்பது அடிக்கடி நடக்கும் சங்கதி. தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, ஆனாலும் பயணிகள் நிறைத்துவிட்ட நாட்களில் ஆஸ்பத்திரி முடிந்து வீடு திரும்புபவர் அடுத்த படகுக்குக் காத்திருக்கிறார். போகிறவர்கள் வார நாளில் போகலாம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கலாம். ஊருக்குத் திரும்பும் விமானத்தைப் படகில் வரும் அதே நாளில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது தங்களுக்கும் நல்லது. வாடகைக் காரைப் படகில் ஏற்ற விடமாட்டார்கள். ஜீப்பைத் தீவில்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் வாடகைப் பணமாவது உள்ளூரில் தங்கும்.

படகுத்துறை 2018 முதல் சைபாவில் இருக்கிறது. 2004ல் மூடப்பட்ட ரூஸ்வெல்ட் ரோட்ஸ் கடற்படைத் தளத்தின் நிலம் அது. வியேகஸ் குண்டுவீச்சுக்குத் தலைமையகமாக இருந்த இடம். வெனிசுலாவோடு உரசல் முற்றியிருந்த 2025 செப்டம்பரில் அதன் பழைய ஓடுதளத்தில் அமெரிக்கப் போர் விமானங்கள் மறுபடி வந்து இறங்கின. வியேகஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்குவதும் அதே சைபாவில்தான்.