வற்றலுக்கு ஆகும் வெயில்

கத்திரி வெயிலில் மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால், ஸ்கூட்டியில் வரும் பெண்கள் பலருக்கு முகமே இருக்காது. துப்பட்டாவைச் சுற்றிக் கண்ணை மட்டும் விட்டிருப்பார்கள். கையில் முழங்கை தாண்டிய உறை. பக்கத்திலேயே அரைக்கைச் சட்டைப் பையன்கள். ஹெல்மெட்டே போடாதவன் வெயிலுக்கா அஞ்சுவான்!

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணைக் கேட்டேன். "டான் ஆயிடும் அங்கிள்" என்றாள். புற்றுநோய் என்ற பேச்சே அவளிடம் இல்லை. ஆனால் சன்ஸ்கிரீன் கணக்கு மட்டும் மனப்பாடம்: எஸ்பிஎஃப் 30 என்றால் புறஊதா பி கதிரில் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. ஒரு சதவீதத்துக்கா இவ்வளவு விலை என்றேன். "ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசினாத்தான் அந்தக் கணக்கே" என்றாள். துத்தநாக ஆக்சைடு கலந்த க்ரீமை அவ்வளவு பூசினால், நம் நிறத்துக்குத் திருநீறு அப்பியது போலிருக்கும்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதை நேர்மாறு. ஆஸ்திரேலியாவில் 1981லேயே, சட்டையைப் போடு, க்ரீமைப் பூசு, தொப்பியை வை என்று கார்ட்டூன் கடற்பறவை ஒன்று டிவியில் ஆடிப் பாடிச் சொன்னது. 2009ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, செயற்கை வெயில் படுக்கையைப் புகையிலை இருக்கும் பட்டியலிலேயே சேர்த்தது. அப்புறமும் காசு கொடுத்துக் கறுக்கப் படுத்தவர்கள் இருந்தார்கள். 2015ல் ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் படுக்கைக் கடைகளையே சட்டம் போட்டு மூட வேண்டியிருந்தது. அத்தனை விளம்பரத்தாலும் ஆகாததை இங்கே மாப்பிள்ளை வீட்டார் செலவில்லாமல் சாதித்துவிடுகிறார்கள்.

பல வருஷம் முன்பு, பெரியம்மா மகளான அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம். சித்திரை பிறந்ததுமே, "வாசப்படி தாண்டாதடி, கறுத்துருவ" என்று பெரியம்மா தடை போட்டுவிட்டார். கூழ் வற்றல் பதம் தெரிந்தவளோ அந்த வீட்டில் அக்கா ஒருத்திதான். மாடிப்படியில் நிழல் முடிகிற இடத்தில் நின்றுகொண்டு அதிகாரம் செய்வாள்: "வேட்டிய நல்லா நனைச்சு விரிடா. கனமா ஊத்தாத, காயாது." ஊற்றியது, காக்கா விரட்டியது, கறுத்தது எல்லாம் நான். எனக்கு யார் மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள்! மாப்பிள்ளை எங்கள் எல்லாரையும்விடக் கறுப்பு என்பது கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. அவரை யாரும் நிழலில் வைத்ததாகத் தெரியவில்லை.

அக்காவுக்கு இப்போது முட்டிவலி. வைட்டமின் டி குறைவாம். தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் உட்காரச் சொன்னாராம் டாக்டர்.

"இந்த வயசுல கறுக்கச் சொல்றாருடா. மாத்திரையே எழுதிக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாள் போனில்.