மூன்று நிமிடம்

எங்கள் ஊரில் அறங்காவலர் என்றால் கோயில்தான். கும்பாபிஷேகப் பத்திரிகையின் அடியில் அவர்கள் பெயர் வரிசையாக அச்சாகியிருக்கும். தேர் அன்றைக்குப் பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பார்கள். ஒரு கல்லூரிக்கும் அறங்காவலர்கள் உண்டு, அவர்களை ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது கலிஃபோர்னியாவுக்கு வந்து ஏழு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் நான் படித்துக்கொண்டிருந்த வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்ற பிறகு.

2005இல் கணவரின் வேலை விசாவோடு ஒட்டிய எச்-4 விசாவில் சாந்தா கிளாரா பள்ளத்தாக்குக்கு வந்தேன். வேலைக்குப் போகக் கூடாது. 2015 வரைக்கும் என்னைப் போன்ற எந்தப் பெண்ணுக்கும் அந்த அனுமதி கிடையாது. ஆனால் படிக்கலாம். ஒரு வருடம் இந்த மாநிலத்தில் வாழ்ந்ததற்குச் சான்று காட்டினால் சமுதாயக் கல்லூரியில் உள்ளூர்க்காரர்களுக்கான கட்டணம்தான். 2010இல் நான் சேர்ந்தபோது ஒரு யூனிட்டுக்கு 26 டாலர். கணக்கியல் வகுப்பு, மாலை ஆறரைக்கு. மகளுக்கு நாலு வயது. ஆறு மணிக்குக் கணவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். இவரிடம் குழந்தை, என்னிடம் கார் சாவி. வகுப்பில் என் வலப்பக்கம் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டும் மெக்சிகோக்காரர், இடப்பக்கம் ராணுவத்திலிருந்து திரும்பிய பையன், பின்னால் இரண்டு பிள்ளைகளின் தாயான வியட்நாம்காரப் பெண். பகலில் வர முடியாதவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

பிறகு மாநிலத்தின் கையில் பணம் இல்லாமல் போனது. 2011இல் கட்டணம் 36 டாலர், 2012 கோடையில் 46. கட்டணம் ஏறியதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். வகுப்புகளே குறையத் தொடங்கின. எங்கள் மாலை வகுப்பின் அடுத்த நிலையும் வெட்டப்போகும் பட்டியலில் இருப்பதாக ஆசிரியர் சொன்னார். "அறங்காவலர் போர்டு மீட்டிங்குக்குப் போய்ப் பேசுங்கள்" என்றார். எனக்கு இங்கே ஓட்டு இல்லை, விசாவில் இருப்பவள் என்றேன். "அதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார்.

நான் நம்பவில்லை. அப்பா கிராம சபைக்குப் போவார். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். அந்தச் சபையிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் உறுப்பினர். ஓட்டில்லாதவளுக்கு ஒரு சபையில் என்ன வேலை என்று நினைத்தபடியே போனேன்.

ஆசிரியர் சொன்னதுதான் உண்மை. 1953இல் வந்த பிரவுன் சட்டம் என்று ஒன்று இந்த மாநிலத்தில் இருக்கிறது. ஊராட்சி, பள்ளி, கல்லூரி என்று உள்ளூர் மன்றம் எதுவானாலும் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டிவிட வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே வருகிறவரிடம் பெயரைச் சொன்னால்தான் உட்காரலாம் என்று சொல்லக் கூடாது. ஐந்து பேர் கொண்ட குழுவில் மூன்று பேர் தனியாகக் கூடி, காபிக் கடையில் என்றாலும் மின்னஞ்சலில் என்றாலும், குழுவின் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. எந்த முடிவும் நம் கண்ணெதிரே எடுக்கப்பட வேண்டும். ஊழியர் விவகாரம், வழக்கு, சம்பளப் பேச்சு போன்ற சிலவற்றுக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

எங்கள் கல்லூரி மாவட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். எதிரே ஒரு சின்ன விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. எழுதிக்கொண்டு போன தாள் கையில் ஆடியது. டைல்ஸ்காரரைப் பற்றி, வியட்நாம்காரப் பெண்ணைப் பற்றி, வாசலில் செருப்போடு நிற்கும் என்னைப் பற்றிச் சொன்னேன். முடித்ததும் தலைவர் "நன்றி" என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. காருக்குள் உட்கார்ந்து அழுதேன். உச்சரிப்புப் புரியவில்லையா, விசாக்காரி என்று தெரிந்துவிட்டதா என்றெல்லாம் மனம் ஓடியது.

அந்த மௌனத்துக்குக் காரணமும் அதே சட்டம்தான் என்பது பல மாதம் கழித்துத் தெரிந்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளைப் பற்றிக் குழு விவாதிக்கக் கூடாது. எங்கள் வகுப்பு அன்றைய நிரலில் இல்லை. நான் பேசியதற்கு அவர்கள் விவாதம் தொடங்கியிருந்தால், 72 மணி நேர அறிவிப்பு கிடைக்காத மற்றவர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவார்கள். கேட்டுக்கொள்ளலாம், விளக்கமாக ஒரு வரி கேட்கலாம், அடுத்த கூட்ட நிரலில் சேர்க்கச் சொல்லலாம். நான் பேசியதற்கு அடுத்த மாத நிரலில் மாலை வகுப்புகள் என்று ஒரு வரி இருந்தது. எட்டுப் பேர் போய்ப் பேசினோம். வாரம் இரண்டு நாள் இருந்த வகுப்பு ஒரே நாளாக, மூன்று மணி நேரமாகச் சுருங்கி, பிழைத்தது. வேறு பல வகுப்புகள் பிழைக்கவில்லை. எங்கள் பேச்சுதான் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து நிரலைப் படிக்காமல் எந்த மாதத்தையும் விட்டதில்லை.

இங்கே மாவட்டம் என்பது கலெக்டர் ஆளும் மாவட்டம் இல்லை. கல்லூரிக்காக மட்டும் வரைந்த எல்லை, அதற்கென்று தனிக் குழு, தனி வரி. மாநிலத்தில் இப்படி 73 மாவட்டங்கள், 116 கல்லூரிகள். ஏறக்குறைய இருபது லட்சம் பேர் படிக்கிறார்கள். படிப்பின் பயனைப் பெறக்கூடிய யாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1960இல் கிளார்க் கெர் முன்னின்று வகுத்த உயர்கல்வித் திட்டத்தின் விதி. 1984 வரைக்கும் கட்டணமே இல்லை. அறங்காவலர்கள் பாடம் நடத்துவதில்லை, நிர்வாகம் பண்ணுவதும் இல்லை. தலைமை நிர்வாகியான சான்சலரை நியமிப்பது, செப்டம்பர் 15க்குள் வரவுசெலவை இறுதி செய்வது, ஒப்பந்தங்களுக்குக் கை தூக்குவது அவர்கள் வேலை. பதவிக்காலம் நான்கு ஆண்டு. பாடத்திட்டம், மதிப்பெண் போன்ற விஷயங்களில் ஆசிரியர் மன்றத்தைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்று 1988இல் ஒரு சட்டம் வந்தது. மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் மாணவ அறங்காவலர் ஒருவரும் மேடையில் உட்காருவார். அவருடைய ஓட்டு ஆலோசனை ஓட்டு, எண்ணிக்கையில் சேராது. ஆனாலும் பெயர் கூப்பிடும்போது பத்தொன்பது வயசுப் பெண் மைக்கில் "கூடாது" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பிறகு வாக்களித்தவர்கள் குரல் சற்றுத் தணிந்துதான் வந்தது.

2013இல் வீடு வாங்கினோம். இலையுதிர் காலத்தில் வந்த சொத்துவரிச் சீட்டில் கல்லூரிக் கடன்பத்திரத்துக்கென்று தனி வரி இருந்தது. கட்டடம் கட்ட மக்களிடம் கேட்டு வாங்கும் கடன் அது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று இருந்ததை 2000இல் மக்களே வாக்களித்து 55 சதவீதமாகக் குறைத்தார்கள். பதிலுக்கு, செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்று இருந்தே தீர வேண்டும், அதில் ஒரு மாணவரும் இருக்க வேண்டும், கல்லூரி ஊழியரோ ஒப்பந்ததாரரோ இருக்கக் கூடாது என்று விதி. வரி கட்டுகிறேன், ஓட்டு இல்லை. அந்தக் குறை எனக்கு இருக்கிறது. இருந்தாலும் என் பணத்தில் எழும் கட்டடத்தின் கணக்கைப் பார்க்க ஓட்டு தேவையில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையிலிருந்து இந்தப் பொறுப்பு பறிபோவதும் நடக்கிறது. நம் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் நடக்காதபோது தனி அலுவலர் வருவாரே, அப்படி. தெற்கே காம்ப்டன் கல்லூரியை நிதிச் சீர்கேட்டின் காரணமாக 2004இல் மாநிலம் எடுத்துக்கொண்டது. 2006இல் அங்கீகாரமே போனது. பக்கத்து எல் கமினோ கல்லூரியின் நிழலில் இருந்து, 2017இல்தான் மீட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜுக்கு 2013இல் அங்கீகாரம் ரத்தாகும் என்று அறிவிப்பு வந்தபோது, மாநிலம் தனி அறங்காவலர் ஒருவரை அமர்த்தி, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் அதிகாரத்தை அவரிடம் கொடுத்தது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், நகரம் வழக்குப் போட்டது. 2017 ஜனவரியில் அங்கீகாரம் உறுதியானது, அதே ஆண்டு நகரவாசிகளுக்குக் கட்டணமும் நீங்கியது. அந்த நான்கு ஆண்டும் எங்கள் வகுப்புத் தோழர்கள் பதைத்ததை மறக்க மாட்டேன். நாங்கள் படித்த யூனிட்டுகள் நாளை செல்லுமா என்ற கேள்வி எந்தக் கல்லூரிக்கும் வரலாம் அல்லவா?

நம்மவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிள்ளை பெர்க்லி போவதைப் பற்றிப் பேசும்போது எழும் குரல், சமுதாயக் கல்லூரி என்றதும் இறங்கிவிடுகிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை அங்கே வகுப்பில் சேர்க்கிறோம், பெற்றோர் அங்கே ஆங்கிலம் படிக்கிறார்கள், வேலை போனவர் அங்கே போய்ப் புதுச் சான்றிதழ் வாங்குகிறார். அதை நடத்துவது யார் என்று கேட்டால் பத்து வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஓட்டு உள்ளவர்கள்கூட வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் வரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

2019இல் எங்கள் தெருவில் மகனோடு இருந்த மதுரைக்காரப் பெரியம்மாவை நான் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். முதியோருக்கான இலவச ஆங்கில வகுப்பை வேறு வளாகத்துக்கு மாற்றும் யோசனை நிரலில் இருந்தது. பெரியம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"ஏம்மா, அவங்க என்ன, கலெக்டரா?"

"இல்ல பெரியம்மா. அறங்காவலர்."

"கோயில்ல இருக்கிறவங்க மாதிரியா? அப்பப் பேசலாம்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுகிறவருக்கு இரட்டிப்பு நேரம் தர வேண்டும் என்று 2017 முதல் பிரவுன் சட்டத்தில் இருக்கிறது. விளக்கில் ஆறு நிமிடம் வைத்தார்கள். பெரியம்மா தமிழில் சொல்ல, நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். "புருஷன் போன பிறகு பையன் கூட்டிட்டு வந்தான். பேரப்பிள்ளைங்க பேசுறது எனக்குப் புரியாது. இந்த வகுப்புக்குப் போய்த்தான் சின்னவன்கிட்ட 'ஸ்கூல்ல என்ன நடந்துச்சு'ன்னு கேட்டேன்." அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த முறை விஷயம் நிரலில் இருந்ததால் அவர்கள் பேச முடிந்தது. கடைசி நாற்காலியில் இருந்த அறங்காவலர், மாணவராகவே இந்தக் கல்லூரியில் தொடங்கியவர், முன்னால் குனிந்து, "வகுப்புக்கு எப்படி வருகிறீர்கள்?" என்று கேட்டார். பெரியம்மா என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. "வாக்கிங்" என்றார்.

வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு பழைய இடத்திலேயே நின்றது.

2021இல் எங்களுக்குப் பச்சை அட்டை வந்தது. ஓட்டு இன்னும் வரவில்லை. இங்கே பிறந்த மகளுக்கு வந்துவிட்டது. 2024 நவம்பர் தேர்தலுக்கு அவள் வாக்குச்சீட்டு தபாலில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கருப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். ஜனாதிபதிக்கு முப்பது வினாடி. பின்பக்கம் திருப்பிக் கல்லூரி அறங்காவலர் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அம்மா, இவங்க ரெண்டு பேரும் யாரு?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கடந்த நான்கு வருடத்தில் எதற்குக் கை தூக்கினார்கள், எதற்குத் தூக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். சாதம் ஆறிவிட்டது. அவள் பேனாவை மூடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள்.