இரண்டு ஒரகடம்

2019-ல் எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்த நான்கு பையன்கள் குடியிருந்தார்கள். அதில் ஒருவனுடைய தம்பி, தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு வந்தான். காலை எட்டரைக்கு ஒரகடத்தில் கேட் முன்னால் நிற்க வேண்டியவன், மதியம் ஒன்றரைக்கு எங்கள் வாசலில் பையோடு நின்றான்.

"எங்கப்பா போனே?"

"ஒரகடம்தான் சார் போனேன். அங்க கம்பெனியையே காணோம்."

கோயம்பேட்டில் இறங்கி, "ஒரகடம் பஸ் எது?" என்று கேட்டிருக்கிறான். யாரோ நல்ல எண்ணத்தில்தான் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஆனால் அது அம்பத்தூர் ஒரகடம். இதில் கொடுமை என்னவென்றால், அவன் வந்த பஸ் விடியற்காலையில் சிங்கப்பெருமாள் கோவில் வழியாகத்தான் வந்தது. அங்கேயே இறங்கியிருந்தால் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் நேராக ஒரகடம் வந்திருக்கலாம். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். விழித்திருந்தாலும் அவனுக்கு எப்படித் தெரியும்?

"போன்ல தமிழ்ல தேடிப் பாத்தேன் சார், தெளிவா ஒண்ணும் கெடைக்கல" என்றான். அந்த வாக்கியம் என்னைச் சுருக்கென்று குத்தியது. காரணம் உண்டு.

அதற்கு முந்தைய வருடம்தான் நான் ரிட்டயர் ஆகியிருந்தேன். பொழுது போகாமல் தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் திறந்தேன். இத்தனை வருடம் மெயின்டனன்ஸில் இருந்த ஆள், எழுத விஷயமா இல்லை என்று ஒரு மிதப்பு. செய்தது என்ன? நான் வேலை பார்த்த கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தைத் தமிழாக்கி அப்படியே ஏற்றினேன். மறுநாளே நீக்கிவிட்டார்கள். பதிப்புரிமை, விளம்பர நடை என்று இரண்டு காரணம் சொல்லி, என் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் மரியாதையாகக் குறிப்பு எழுதியிருந்தார். தப்பு என்மேல்தான். ஆனாலும் ரோஷம் வந்து, கம்ப்யூட்டரையே மூடி வைத்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு "அங்கே எல்லாம் பெரிய பண்டிதர்கள்" என்று சமாளித்தேன்.

பண்டிதர் கதை பிறகுதான் தெரிந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியபோது அங்கே ஏறக்குறைய ஆளே இல்லை. அந்த வருடக் கடைசியில் வந்து சேர்ந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலைஞர், அமீரகத்தில் வேலை. முதலில் தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கினார். பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் அநேகமாகத் தனி ஆளாகக் கட்டுரைகள் எழுதிக்கொண்டே இருந்தார். படிக்க யார் வருவார்கள் என்று தெரியாமல், வேலை முடிந்து வந்து தினமும் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். ஆளில்லாத ஊரில் டீக்கடை என்று நாம் கிண்டல் செய்வோமே, அதேதான். ஆனால் டீ நன்றாக இருந்தது. ஆட்கள் வந்தார்கள். அவர் எழுதியது மட்டுமே 4,000 கட்டுரைகளுக்கு மேல். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-க்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. 2017-ல் தளத்தின் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தொட்டன.

இதற்கு எதிரான கதையும் ஒன்று உண்டு. 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் குவித்தது. ஒவ்வொன்றும் நீளமோ நீளம். அமெரிக்கப் பாடகர் வரலாறெல்லாம் இருந்தது. தமிழ்தான் தமிழாக இல்லை. எழுதியவர்கள் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அ. இரவிசங்கர் என்ற தமிழ் விக்கிப்பீடியர், போலந்தில் நடந்த 2010 விக்கிமேனியா மாநாட்டில் இதை விமர்சித்துக் கட்டுரையே வைத்தார். அதைப் படித்தபோது எனக்கு என் விளம்பரப் புத்தகம் ஞாபகம் வந்தது. நானும் சின்ன அளவில் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

பையன் சாப்பிட்டுவிட்டு மாடியில் தூங்கப் போனதும், ரோஷத்தை மூட்டை கட்டிவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை நேராகக் கட்டுரையில் கை வைக்கவில்லை. மணல்தொட்டி என்று பழகிப் பார்க்க ஓர் இடம் தருகிறார்கள். அதில் எழுதி எழுதி அழித்தேன். ஒரே பெயரில் பல ஊர் இருந்தால் பிரித்துக் காட்டும் முறைக்கு அங்கே 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று பெயர். வாய்க்குள் நுழைய எனக்கு இரண்டு நாள் ஆனது. கடைசியில் நான் எழுதியது மூன்றே வரி. ஒன்று அம்பத்தூர் அருகே. இன்னொன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில். "தெற்கிலிருந்து வருகிறவர்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கவும்" என்றும் சேர்த்திருந்தேன். கலைக்களஞ்சியம் பயண வழிகாட்டி அல்ல என்று அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை கோபம் வரவில்லை. சாலையின் பெயர் இருக்கிறதே, விவரமானவன் புரிந்துகொள்வான்.

பிறகு பழக்கமாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் திறந்து 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது, இதற்கெல்லாம் பத்திரிகைச் சான்று கிடைக்கிறது. ராமானுஜருக்கு நூல்கள் ஏராளம். ஆனால் எனக்கு உண்மையாகத் தெரிந்ததற்குச் சான்று இல்லை. கம்பெனி வருவதற்கு முன் எந்த ஏரித் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது, விடிகாலை நாலரைக்கு ஷிப்ட் பஸ்ஸுக்காக எந்தெந்த ஊர் முனையில் பையன்கள் நின்றார்கள்... இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் காட்டுவேன்? எழுதினால் 'சான்று தேவை' என்று விழும். சரியான விதிதான். இருந்தாலும் மனசு கேட்பதில்லை. அச்சில் ஏறாத ஜனங்களுக்கு அங்கே இடம் குறைவுதான்.

படத்துக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நாமே எடுத்ததாக இருந்தால் பொதுவகத்தில் ஏற்றலாம். அதனால் இப்போது காலை நடைக்கு போனோடு போகிறேன். மிச்சமிருக்கும் ஏரி, மதகு, பஸ் நிறுத்தம், ஷிப்ட் முடிந்து வரும் கூட்டம் (முகம் தெரியாமல்).

அந்தத் தம்பி ஆறு மாதம் கழித்து வல்லம் வடகால் பக்கம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "நைட் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது எடுத்தேன் சார்" என்று ஒரகடம் கூட்ரோட்டின் படம் ஒன்றைக் காட்டினான். லேசாக மழை, லாரிகள், ரோடு முழுக்க மஞ்சள் வெளிச்சம். நான் எடுத்ததைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.

"இதப் போட்டா எம் பேரு வருமா சார்?"

வரும் என்று சொல்லி, கணக்குத் திறக்க அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன்.