முருங்கையல்ல பிள்ளை!

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டுமாம். பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டுமாம்! பாட்டன் சொன்னான், பாட்டனுக்கு அவன் பாட்டன் சொன்னான். முருங்கையின் இயல்பை நாமும் அறிவோம். கிளையை ஒடித்தால் ஒடித்த இடத்தருகே புதுத் துளிர்கள் கிளம்பும். காய்கள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். தோட்டக்காரர் ஒடிப்பதிலே பொருள் இருக்கிறது. பிள்ளையின் முதுகிலே விழும் அடியிலிருந்து துளிர்ப்பது என்ன? அறிவா? அன்பா? ஒழுக்கமா? தழும்பு துளிர்க்கிறது, அச்சம் துளிர்க்கிறது, வாய்ப்பு வரும்போது தன்னினும் எளியவனை அடித்துப் பார்க்கலாம் என்ற ஆசையும் துளிர்க்கிறது! ஒடித்து, அடித்து என்று எதுகை இனிக்கிறது என்பதற்காக, மரத்தையும் மகனையும் ஒரே வரிசையில் நிறுத்திய மொழியை இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சுமப்பது?

அந்தப் பழமொழி தனியே வரவில்லை, பரிவாரத்தோடு வந்திருக்கிறது. அடியாத மாடு படியாது என்பது ஒன்று. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது மற்றொன்று. பள்ளியிலே பிள்ளையைச் சேர்க்கும்போது, "கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஐயா" என்று ஆசிரியரிடம் கூறிய தந்தையைக் காணாத ஊர் தமிழகத்தில் உண்டோ? கண்ணை விட்டுவைத்தது கருணையாம்! புளியம் விளார், இடுப்பு வார், விளக்குமாற்றுக் கட்டை, அடுப்பிலே காய்ந்த கரண்டிக் காம்பு, மூக்கிலே காட்டும் மிளகாய்ப் புகை—இத்தனையும் பாசத்தின் படைக்கலங்களாம்! பகைவனுக்குச் செய்தால் குற்றம்; பெற்ற பிள்ளைக்குச் செய்தால் வளர்ப்பு!

"நாங்கள் அடிபட்டோம், அதனால்தான் ஆளானோம்" என்று மார்தட்டுவோர் உண்டு. நாமும் அடிபட்டு வளர்ந்த தலைமுறைதான். நம் தந்தையார் கெட்டவரல்லர். தம் சட்டையின் கிழிசலைத் தைத்து உடுத்திக்கொண்டு நமக்குப் புத்தாடை எடுத்தவர். ஆனால் வாய்பாடு தவறினால் புளியம் விளார் பேசும். அந்த விளார் வாய்பாட்டைக் கற்பித்ததா? இல்லை, வேறொரு கலையைக் கற்பித்தது. மாலையிலே தெருமுனையில் அவருடைய செருப்போசை கேட்கும்போதே, இன்று வீட்டுக்குள் நுழையப்போவது தந்தையா, தண்டனையா என்று கணிக்கும் கலை! அதிலே நாம் தேர்ச்சி பெற்றோம். வாய்பாட்டைப் பின்னர்ப் பக்கத்து வீட்டு அக்கா புளியங்கொட்டைகளைத் திண்ணையிலே பரப்பி, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார். விளாரைத் தந்ததும் புளியமரம்; கொட்டையைத் தந்ததும் புளியமரம். எடுத்த கையிலேதான் வேறுபாடு. நாம் ஆளானது அடியால் அல்ல, அடியையும் மீறி.

நம் ஒருவர் கதை இதுவென்று ஒதுக்க வேண்டா. இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூன்று குழந்தைகளில் இருவர் உடல்வதைக்கு ஆளானவர்கள் என்றது ஆய்வு. குடும்பத்துக்குள் வதைபட்டோரில் 88.6 விழுக்காட்டினரை வதைத்தவர் யார்? மாற்றாந்தாயா? குடிகார மாமனா? இல்லை, பெற்றோர்! அந்தப் பதின்மூன்று மாநிலங்களில் தமிழகம் இல்லை. இல்லாததால், இங்கே புளியமரத்தில் விளார் முளைப்பதில்லை என்று பொருளாகிவிடாது.

அடிக்கும் பெற்றோரெல்லாம் அரக்கர்களா என்றால், அல்லர். ஆலையிலே மேலாள் ஏசுகிறான். எதிர்ச்சொல் சொன்னால் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டு வந்தவன் வீட்டிலே வாய் திறக்கிறான், மனைவியை ஏசுகிறான். அவள் அந்தச் சூட்டைப் பிள்ளையின் கன்னத்திலே இறக்கி வைக்கிறாள். தண்ணீரைப்போலக் கோபமும் பள்ளத்தை நோக்கியே பாய்கிறது. மேட்டை நோக்கிப் பாய்ந்த கோபத்தைக் கண்டதுண்டா? முதலாளியை அடித்துத் திருத்த வேண்டும் என்றொரு பழமொழி உண்டா? இல்லை, ஏனெனில் முதலாளி திருப்பி அடிப்பான். பிள்ளை திருப்பி அடிக்கமாட்டான் என்ற துணிவுக்குத்தான் நம் நாட்டிலே கண்டிப்பு என்று பெயர்!

"எங்கள் வீட்டு விவகாரம், ஊருக்கென்ன? அரசுக்கென்ன?" என்ற கேள்வி அடுத்து வரும். புதிய கேள்வியல்ல. 1929-இல் குழந்தை மணத் தடைச் சட்டம் வந்தபோதும் இதே கூச்சல். 2005-இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் வந்தபோதும் இதே முணுமுணுப்பு. எளியவரைக் காக்கச் சட்டம் வாசற்படி ஏறும்போதெல்லாம் வலியவருக்கு வீட்டின் புனிதம் நினைவுக்கு வருகிறது.

கடல் கடந்த நாட்டிலும் இதுவே நிலை. 1874-இல் நியூயார்க் நகரத்திலே மேரி எலன் என்ற சிறுமி வளர்ப்புத் தாயின் சவுக்கடியிலே நாளும் துடித்தாள். அவளுக்காக இரங்கிய ஒரு மாது உதவி தேடி அலைந்தார். இறுதியிலே உதவியவர் யார் தெரியுமா? விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்! குதிரைக்காகக் குரல் கொடுக்கச் சங்கம் இருந்தது, குழந்தைக்கு இல்லை. சிறுமி நீதிமன்றத்துக்கு வந்தாள். அவள் காயங்களை உலகம் கண்டது. வளர்ப்புத் தாய் சிறை சென்றாள். 1875-இல் குழந்தைவதையைத் தடுக்கும் சங்கம் அந்நகரிலே எழுந்தது. குதிரைக்குப் பிறகுதான் குழந்தை!

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியிலே பிரம்புக்குத் தடை விதித்தது. ஆசிரியர் அடிக்கக் கூடாது, நன்று. வீட்டிலே? 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தன் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தாக்கித் தேவையற்ற துன்பத்துக்கு ஆளாக்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. 'தேவையற்ற துன்பம்' என்றால், தேவையான துன்பம் என்று ஒன்று உண்டோ? இன்னொரு பக்கம், 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று, 1860-இல் வெள்ளையர் ஆட்சி எழுதிய தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டம் போயிற்று. 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவாக அந்த வாசகம் மீண்டும் குடியேறிற்று. கொடுங்காயத்துக்கு அந்தக் குடை இல்லை என்பது உண்மை. ஆனால் அன்றாட அடி, நல்லெண்ணம் என்னும் குடைக்குள் இன்றும் ஒதுங்கிக்கொள்கிறது.

இந்தக் குறைகளுக்கிடையிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1098 என்ற எண் அது. காசு வேண்டா, இரவு பகல் பாராமல் அழைக்கலாம். 1996-இல் மும்பையிலே தொண்டர்கள் தொடங்கியது. 2023 முதல் அரசின் பொறுப்பில் நடக்கிறது. மாவட்டந்தோறும் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழந்தைகள் நலக் குழு உண்டு. நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் அதற்குண்டு. பாதுகாப்புக்காக மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பதும் அந்தச் சட்டத்தின் நெறி.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவிலே அந்த எண்ணுக்கு வேலை வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுவன். இரவிலே அவன் அலறல் கேட்கும். தெரு தன் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்ளும். ஒருநாள் அவன் முன்கையிலே கரண்டிக் காம்பின் தடம் கண்டோம்; அழைத்தோம். மறுநாள் ஒரு பெண்மணியும் ஓர் இளைஞரும் வந்தனர். காவலர் படை இல்லை. பிள்ளையைப் பறித்துப் போகும் வண்டி இல்லை. சிறுவனிடம் தனியே பேசினர். பிறகு தந்தையிடம் திண்ணையிலே அமர்ந்து பேசினர்.

"என் பிள்ளையை நான் அடிக்கக் கூடாதா அம்மா?" என்றார் தந்தை.

"வேலையிலே பிழை கண்டால் உங்கள் முதலாளி உங்களை அடிக்கலாமா ஐயா?"

"அதெப்படி அம்மா அடிப்பார்? நான் என்ன அடிமையா?"

அந்தப் பெண்மணி மறுமொழி சொல்லவில்லை, சிறுவனைப் பார்த்தார். தந்தையும் பார்த்தார்.

குழுவின் ஆணைப்படி இரண்டு திங்கள் சிறுவன் தன் பாட்டி வீட்டிலே இருந்தான். தந்தை ஆலோசனைக்குச் சென்றுவந்தார். பின்னர் மகன் வீடு திரும்பினான். அற்புதம் எதுவும் நிகழவில்லை. தந்தை இன்றும் உரக்கப் பேசுகிறவர்தாம். ஆனால் கை எழுவதில்லை. அழைத்தவர் யாரென்று வந்தவர்கள் சொல்லவில்லை; மறைந்து நிற்க மனமில்லாமல் நாமே சொன்னோம். அன்றுமுதல் அவர் நம்மோடு பேசுவதில்லை. குடியைக் கெடுத்தவர்கள் என்று பாதித் தெரு நம்மைச் சொல்கிறது. சொல்லட்டும். சிறுவனின் கையிலே புதுத் தடம் இல்லை. அந்தக் கணக்கு நமக்குப் போதும்.

அரசின் கை நீண்டால் ஆபத்தில்லையா என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. நார்வே நாட்டிலே அதிகாரிகள் ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்த வழக்கில், குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. காக்க வந்த கையே கிழித்துவிடக் கூடாது. வறுமையைக் கொடுமை என்று எழுதிக் குடிசைப் பிள்ளைகளை மட்டும் கணக்கெடுத்து, மாளிகைக் கதவுக்கு வெளியே தயங்கி நிற்கும் பாதுகாப்பு பாதுகாப்பாகாது. அடியை நிறுத்த வேண்டும். உறவை அறுக்க வேண்டா. பிள்ளையின் உயிருக்கும் உடலுக்கும் வேறு வழியே இல்லாதபோதுதான் பிரிவு.

சுவீடன் நாடு 1979-இல், பெற்றோரும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று உலகிலேயே முதன்முதலாகச் சட்டம் செய்தது. அந்தப் பிரிவிலே தண்டனை எழுதவில்லை. மாறாக, செய்தியைப் பால் பெட்டிகளின்மீது அச்சிட்டார்கள்! காலையிலே பாலோடு சேர்ந்து சட்டமும் வீட்டுக்குள் வந்தது. இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வழியிலே. நம் அண்டை நாடான நேபாளம் 2018-இல் அவ்வரிசையில் சேர்ந்தது. நேபாளத்தால் முடிந்தது நம்மால் முடியாதா?

நாம் கேட்பது இரண்டு. வீட்டிலும் அடி கூடாது என்று ஐயத்துக்கிடமின்றிச் சட்டம் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் சிறைக்கு வழிகாட்டுமுன், களைத்த தாய்க்கும் கடன்பட்ட தந்தைக்கும் வேறு வழியிலே பிள்ளை வளர்க்கக் கற்பிக்க வேண்டும். அரசு செய்ய வேண்டியது அது.

தோழர்களே! நீங்கள் செய்ய வேண்டியது அதனினும் எளிது. அடுத்த வீட்டிலே அலறல் கேட்டால், "அவன் பிள்ளை, அவன் அடிக்கிறான்" என்று கதவைச் சாத்தாதீர். போய்த் தட்டுங்கள். தட்டியும் அடி நிற்கவில்லையென்றால் 1098-ஐ அழையுங்கள். பிள்ளை பெற்றோருக்குப் பிறந்தவன். ஆனால் பெற்றோரின் உடைமையல்லன். உடைமைகளுக்குத்தான் உரிமையாளர் உண்டு. மனிதருக்கு உறவினர் மட்டுமே உண்டு!